உள்ளாட்சிக்குப் பணம் தாமதமானால் சட்டப்பேரவை என்ன கேட்க முடியும்?

ஊரில் சிமெண்ட் சாலை போட்டு ஒரு வருடம் ஆகிவிட்டது. மக்கள் அதில் நடக்கிறார்கள், வண்டி ஓட்டுகிறார்கள். ஆனால் போட்டவருக்கு இன்னும் பணம் வரவில்லை. அவர் ஊராட்சி அலுவலகத்தில் கேட்டால் 'ஃபண்டு வரலை' என்கிறார்கள். ஒன்றிய அலுவலகத்தில் கேட்டாலும், மாவட்ட அலுவலகத்தில் கேட்டாலும் அதே பதில்தான். அப்படியானால் பணம் எங்கே நிற்கிறது? அதை யார் கேட்க வேண்டும்?

கேட்கும் அதிகாரம் சட்டப்பேரவைக்கு இருக்கிறது. மக்களிடம் வரி வசூலிக்கவும் அதைச் செலவழிக்கவும் அரசுக்கு அனுமதி தருவதே பேரவைதான். அனுமதி தந்தபடி பணம் போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பதும் அதன் வேலை. இதைத்தான் சட்டமன்றக் கண்காணிப்பு என்கிறோம். உள்ளாட்சி விஷயத்தில் இந்தக் கண்காணிப்பு எப்படி நடக்கிறது, எங்கே இடறுகிறது என்பதைத் தொடக்கத்திலிருந்து பார்ப்போம்.

பணம் வரும் வழி

ஓர் ஊராட்சிக்கு மூன்று வகையில் வருமானம் வருகிறது. முதலாவது சொந்த வருவாய்: வீட்டு வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம் போன்றவை. நகரத்தை ஒட்டிய ஊராட்சிகளில் இது ஓரளவு தேறும். உள்ளடங்கிய சிறு கிராமங்களில் மோட்டாருக்கும் தெருவிளக்குக்கும் ஆகும் கரண்ட் பில்லைக் கட்டவே திணற வேண்டியிருக்கும்.

இரண்டாவது, மாநில அரசு தன் வரி வருவாயிலிருந்து தரும் பங்கு. 1992-ல் நாடாளுமன்றத்தில் நிறைவேறி 1993-ல் நடைமுறைக்கு வந்த 73, 74-ஆவது அரசியலமைப்புத் திருத்தங்கள், ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை மாநில நிதி ஆணையம் அமைக்க வேண்டும் என்று கட்டாயமாக்கின. உள்ளாட்சிகளுக்கு எவ்வளவு பங்கு தரலாம் என்று பரிந்துரைப்பது இந்த ஆணையம்தான். தமிழ்நாட்டில் மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் நிகரத் தொகையில் 10 சதவீதம் இப்படிப் பகிர்ந்தளிக்கப்படுகிறது.

மூன்றாவது, ஒன்றிய அரசின் நிதி ஆணைய மானியம். ஒன்றிய அரசு மாநிலங்களுக்கும் உள்ளாட்சிகளுக்கும் எவ்வளவு தர வேண்டும் என்று பரிந்துரைப்பது இந்த ஆணையம். 15-ஆவது நிதி ஆணையம் 2021 முதல் 2026 வரையிலான ஐந்து ஆண்டுகளுக்கு நாடு முழுவதுமுள்ள உள்ளாட்சிகளுக்கு 4,36,361 கோடி ரூபாய் பரிந்துரைத்தது. அதில் ஊரக உள்ளாட்சிகளுக்கு 2,36,805 கோடி, நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு 1,21,055 கோடி. மீதியில் பெரும்பகுதி உள்ளாட்சி வழியாகச் செய்யப்படும் சுகாதாரப் பணிகளுக்கானது.

இந்த மூன்றாவது பணம் டெல்லியிலிருந்து நேராக ஊராட்சிக்கு வருவதில்லை. முதலில் மாநில அரசிடம் வரும். வந்த 10 வேலை நாட்களுக்குள் மாநிலம் அதை உள்ளாட்சிகளுக்கு அனுப்பியாக வேண்டும், தாமதமானால் வட்டியோடு தர வேண்டும் என்று 15-ஆவது நிதி ஆணையம் நிபந்தனை வைத்தது. 14-ஆவது நிதி ஆணையக் காலத்தில் இது 15 நாளாக இருந்தது. தாமதத்துக்கு ஒரு விலை உண்டு என்று எழுதி வைத்தது நல்ல ஏற்பாடு. ஆனாலும் பல மாநிலங்களில் பணம் தாமதமாகப் போனதையும், அதற்கான வட்டி தரப்படாததையும் தணிக்கை அறிக்கைகள் திரும்பத் திரும்பச் சுட்டிக்காட்டியிருக்கின்றன. வட்டி தர வேண்டியது மாநில அரசு, கேட்டு வாங்க வேண்டியது ஊராட்சி. தனக்குப் பணம் ஒதுக்கும் அரசிடமே ஒரு ஊராட்சித் தலைவர் வட்டிக் கணக்கு கேட்டுப் போய் நிற்பாரா? அவருக்காகக் கேட்கும் இடத்தில் இருப்பவர்கள் சட்டமன்ற உறுப்பினர்கள்.

தாமதத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. அது தமிழ்நாட்டுக்கு நன்றாகப் பழகிய காரணம். மக்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் இல்லாத உள்ளாட்சிக்கு ஒன்றிய நிதி ஆணைய மானியம் கிடையாது. இங்கே 2016 அக்டோபரில் உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. ஊரகத் தேர்தல் 27 மாவட்டங்களில் 2019 டிசம்பரில்தான் நடந்தது. மீதமிருந்த 9 மாவட்டங்களில் 2021 அக்டோபரில் நடந்தது. நகர்ப்புறத் தேர்தல் 2022 பிப்ரவரி வரை தள்ளிப்போனது. இடைப்பட்ட காலம் முழுவதும் அரசு நியமித்த தனி அலுவலர்கள்தான் நிர்வாகம் செய்தார்கள், ஒன்றிய மானியமும் தடைப்பட்டது. அப்புறம் அந்த 27 மாவட்டங்களின் ஊராட்சிகளுக்கு 2025 ஜனவரி 5-ஆம் தேதி பதவிக்காலம் முடிந்து, திரும்பவும் தனி அலுவலர்கள் வந்தார்கள். தேர்தலைத் தள்ளிப்போட்டது ஊர்மக்கள் அல்ல. அதற்கான விலை மட்டும் அவர்களுடைய குடிநீர்க் குழாயிலும் சாக்கடையிலும் வந்து விழுகிறது. இது எனக்கு எந்த வகையிலும் நியாயமாகப் படவில்லை.

தாமதம் எப்படிக் கடனாகிறது

பணம் இரண்டு மாதம் தாமதமாக வந்தால் என்ன, கடைசியில் வந்துவிடுகிறதே என்று தோன்றலாம். ஊராட்சியின் செலவுகள் அப்படிக் காத்திருப்பதில்லை. மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் ஆபரேட்டருக்கும், தூய்மைக் காவலர்களுக்கும் மாதாமாதம் சம்பளம் தர வேண்டும். மோட்டார் எரிந்துபோனால் அன்றைக்கே காயில் கட்டியாக வேண்டும். கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் தண்ணீர் வாங்கும் ஊராட்சி என்றால் குடிநீர் வடிகால் வாரியத்துக்குக் கட்டணம் கட்ட வேண்டும்.

ஒரு கற்பனைக் கணக்கு பார்ப்போம். ஓர் ஊராட்சிக்கு மாதம் 2 லட்சம் ரூபாய் செலவு, வரவும் அதே அளவு. மூன்று மாதம் வரவு நின்றுவிட்டது. கையிருப்பு 2 லட்சம்தான். முதல் மாதம் சமாளித்துவிடலாம். அடுத்த மாதத்திலிருந்து யாருக்குக் கொடுப்பது, யாரை நிறுத்தி வைப்பது என்று முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. கரண்ட் கட்டணத்தையும் குடிநீர்க் கட்டணத்தையும் தள்ளிப்போடுவது எளிதல்ல, ஏனென்றால் தமிழ்நாட்டில் அவற்றுக்கென்றே தனி வங்கிக் கணக்கு வைத்து, மாநிலப் பங்கிலிருந்து முதலிலேயே ஒதுக்கிவிடும் ஏற்பாடு இருக்கிறது. சத்தம் போட முடியாதவர்கள்தான் காத்திருக்க வேண்டியவர்கள் ஆகிறார்கள்: தினக்கூலிக்கு வந்த தூய்மைப் பணியாளர், பல்பும் குழாயும் கடனுக்குக் கொடுத்த ஹார்டுவேர் கடைக்காரர், வேலையை முடித்துவிட்டு எம்-புக்கில் (செய்த வேலையின் அளவைப் பதியும் அளவுப் புத்தகத்தில்) அளவு பதிந்து பில் போட்டுவிட்ட சிறு ஒப்பந்ததாரர்.

அந்த ஒப்பந்ததாரர் தன் ஆட்களுக்குக் கூலி கொடுக்க வெளியில் வட்டிக்கு வாங்குவார். அடுத்த டெண்டரில் அந்த வட்டியையும் சேர்த்துத்தான் விலை போடுவார், இல்லையென்றால் டெண்டர் பக்கமே வரமாட்டார். வருடக்கணக்கில் காத்திருக்கத் தெம்புள்ள ஒன்றிரண்டு பெரிய ஆட்கள் மட்டும் போட்டியில் மிஞ்சுவார்கள். ஆக, பில் பாக்கி என்பது ஒப்பந்ததாரரின் தனிப்பட்ட கஷ்டம் மட்டும் அல்ல. அடுத்து போடப்போகும் சாலையின் விலையை அது இப்போதே ஏற்றிவிடுகிறது.

தெலங்கானாவில் இது இன்னும் கடுமையாக நடந்தது. அங்கே 2024 தொடக்கத்தில் கிராமப் பஞ்சாயத்துகளின் பதவிக்காலம் முடிந்தபோது, பல முன்னாள் தலைவர்களுக்கு அவர்கள் செய்து முடித்த வேலைகளுக்கான பணம் வந்திருக்கவில்லை. அரசு சொன்ன பணிகளைக் கெடுவுக்குள் முடிக்கச் சொந்தப் பணத்தையும் கடன் வாங்கிய பணத்தையும் போட்டிருந்தார்கள். பதவி போய்விட்டது, கடன் மட்டும் அவர்கள் பெயரில் நின்றது. அவர்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். அந்த ஆண்டின் இறுதியில் விவகாரம் சட்டப்பேரவைக்கும் வந்தது. பாக்கி எந்த ஆட்சியில் சேர்ந்தது என்று இரு தரப்பும் வாதாடின. கடன் கொடுத்தவர் முன்னால் நிற்கும் ஒரு முன்னாள் தலைவருக்கு அந்த வாதத்தால் என்ன பயன்?

கணக்கில் தெரியாத பாக்கி

இந்த விஷயத்தில் நான் முக்கியமாக நினைப்பது இனி வரும் பகுதியைத்தான். பேரவையின் கண்காணிப்பு இடறுவதற்கு அக்கறையின்மை மட்டும் காரணம் அல்ல. பாக்கி என்பது பெரும்பாலும் கணக்கிலேயே இருப்பதில்லை.

அரசுக் கணக்கும் ஊராட்சிக் கணக்கும் ரொக்க முறையில் எழுதப்படுகின்றன. பணம் கையைவிட்டுப் போன அன்றுதான் அது செலவு. வேலை முடிந்து, பில் வந்து, மேசையில் கிடந்தாலும் பணம் போகாதவரை அது செலவு இல்லை. வீட்டில் தினசரிச் செலவை நோட்டில் எழுதுகிறோம், ஆனால் மளிகைக்கடையில் நம் பெயரில் ஏறியிருக்கும் கடன் அந்த நோட்டில் இல்லை, கடைக்காரரின் நோட்டில்தான் இருக்கிறது. நம் நோட்டை மட்டும் பார்ப்பவருக்கு நாம் சிக்கனமாகக் குடும்பம் நடத்துவதாகவே தெரியும்.

மார்ச் 31-ஆம் தேதி இது இன்னும் சிக்கலாகிறது. ஒதுக்கீட்டுக்கு ஒரு வருட ஆயுள்தான். அதற்குள் செலவாகாத பணம் பொதுவாகக் காலாவதியாகிவிடும். மார்ச் கடைசியில் பில்கள் கருவூலத்தில் குவியும். எல்லாம் பாஸ் ஆகாது. பாஸ் ஆகாத பில் அடுத்த வருட ஒதுக்கீட்டிலிருந்து போகும். அப்படியென்றால் அடுத்த வருடத்துக்கென்று பேரவையில் அறிவிக்கப்பட்ட தொகையில் ஒரு பகுதி, பழைய வேலைக்கு ஏற்கனவே போய்விட்டது என்று அர்த்தம். கேரளத்தில் கருவூல வரிசையில் நின்றுபோகும் உள்ளாட்சி பில்களைப் பற்றி ஒவ்வொரு ஏப்ரலிலும் பேச்சு எழுவது இதனால்தான்.

தமிழ்நாட்டின் நகராட்சிகளும் மாநகராட்சிகளும் இந்த விஷயத்தில் ஒரு படி மேலே இருக்கின்றன. 2000-ஆம் ஆண்டை ஒட்டியே அவை உரிமை சார்ந்த கணக்கு முறைக்கு மாறின. அதில் கொடுக்க வேண்டிய தொகை கொடுக்கப்படாவிட்டாலும் பொறுப்பாகப் பதிவாகும். நாட்டிலேயே முன்கூட்டி நடந்த மாற்றம் அது. ஆனால் ஊராட்சிகள் இன்னமும் வரவு-செலவுப் பதிவேட்டு முறையில்தான். 12,000-க்கும் மேற்பட்ட ஊராட்சிகளின் மொத்த பில் பாக்கி இன்றைக்கு எவ்வளவு என்று ஒரு சட்டமன்ற உறுப்பினர் கேட்டால், ஒரே ஏட்டைத் திறந்து பதில் சொல்ல முடியாது.

பேரவை எங்கெல்லாம் கேட்கலாம்

சரி, கேட்பதற்கு என்ன வழிகள் இருக்கின்றன?

அரசியலமைப்பே ஒரு வழியைத் தருகிறது. மாநில நிதி ஆணையத்தின் ஒவ்வொரு பரிந்துரையையும், அதன்மேல் அரசு எடுத்த நடவடிக்கை பற்றிய விளக்கக் குறிப்பையும் ஆளுநர் சட்டப்பேரவையின் முன் வைக்கச் செய்ய வேண்டும். எந்தப் பரிந்துரை ஏற்கப்பட்டது, எது ஏற்கப்படவில்லை, ஏன் என்பதெல்லாம் அந்தக் குறிப்பில் இருக்கும். பல மாநிலங்கள் ஆணையத்தையே காலத்தில் அமைக்காமல் இழுத்தடித்தன. அதனால் 15-ஆவது நிதி ஆணையம் கண்டிப்பாக ஒரு நிபந்தனை போட்டது: 2024 மார்ச்சுக்குள் ஆணையம் அமைத்து, பரிந்துரைகளின்மேல் நடவடிக்கை எடுத்து, அந்த விளக்கக் குறிப்பைப் பேரவையில் வைக்காத மாநிலத்துக்கு அதன்பின் உள்ளாட்சி மானியம் கிடையாது. ஓர் அறிக்கையைப் பேரவையில் வைப்பது எத்தனை கனமான காரியம் என்று இதிலிருந்து புரிந்துகொள்ளலாம்.

அடுத்தது ஆண்டுதோறும் நடக்கும் மானியக் கோரிக்கை விவாதம். ஊரக வளர்ச்சித் துறைக்கும் நகராட்சி நிர்வாகத் துறைக்கும் தனித்தனியாகப் பணம் ஒதுக்கப் பேரவையின் ஒப்புதலைக் கேட்கும் நாட்கள் அவை. துறையின் கொள்கை விளக்கக் குறிப்பும் அன்று வரும். எவ்வளவு விடுவித்தோம் என்ற விவரம் அதில் இருக்கும். கேரளம் இதைவிட ஒரு நல்ல வழக்கம் வைத்திருக்கிறது. அங்கே பட்ஜெட்டோடு சேர்த்து நான்காம் பின்னிணைப்பு என்று ஒரு தனித் தொகுதி வைக்கிறார்கள். எந்த ஊராட்சிக்கு எவ்வளவு என்று ஒவ்வொன்றின் பெயரோடும் அதில் தொகை அச்சாகியிருக்கும். ஒரு சாதாரண வார்டு உறுப்பினர்கூட 'எங்களுக்கு இவ்வளவு எழுதியிருக்கிறீர்கள், இவ்வளவுதான் வந்திருக்கிறது' என்று விரலை வைத்துக் காட்ட முடியும். தாமதத்தைக் கேள்வி கேட்க இதைவிட எளிய கருவி எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

வருடத்தின் நடுவில் கேட்க வேண்டுமென்றால் கேள்வி நேரம், கவன ஈர்ப்புத் தீர்மானம் ஆகியவை உண்டு. இங்கே கேள்வியை எப்படி அமைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 2025 தொடக்கத்தில் நூறு நாள் வேலைத் திட்டத்தில் தமிழ்நாட்டுத் தொழிலாளர்களுக்கு 4,034 கோடி ரூபாய் கூலி பாக்கி என்று மாநில அரசு சொன்னது. தமிழ்நாட்டு எம்.பி.க்கள் அதை மக்களவையில் எழுப்பினார்கள். ஒன்றிய அரசின் பதிலில், அந்த ஆண்டில் தமிழ்நாட்டுக்கு ஏற்கனவே எவ்வளவு கொடுத்தோம் என்ற தொகையே முன்னால் நின்றது. கொடுத்தது எவ்வளவு என்பதும், இன்னும் தர வேண்டியது எவ்வளவு என்பதும் வெவ்வேறு கேள்விகள். முதலாவதற்கான பதிலை வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டால் இரண்டாவது அப்படியே நிற்கும். அந்தத் திட்டச் சட்டத்தில் 15 நாளுக்குள் கூலி தர வேண்டும் என்றும், தாண்டினால் நாளொன்றுக்கு 0.05 சதவீதம் இழப்பீடு தர வேண்டும் என்றும் இருந்தது. 2024-25-ல் தமிழ்நாட்டுக்கான கூலி 319 ரூபாய். அதற்கு ஒரு நாள் தாமதத்துக்கு இழப்பீடு சுமார் 16 காசு. கூலியை நம்பி அடுப்பெரிக்கும் ஒரு குடும்பத்தின் காத்திருப்புக்குச் சட்டம் போட்ட மதிப்பு அவ்வளவுதான்.

பிறகு குழுக்கள். ஆழமான வேலை இங்கேதான் நடக்கிறது. உள்ளாட்சிக் கணக்குகளை மாநிலத்தின் உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை தணிக்கை செய்கிறது. சி.ஏ.ஜி. எனப்படும் இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையர் அதற்குத் தொழில்நுட்ப வழிகாட்டுகிறார், தாமே சில உள்ளாட்சிகளை எடுத்து ஆராய்ந்து அறிக்கையும் தருகிறார். அந்த அறிக்கை பேரவைக்கு வந்ததும் பொதுக் கணக்குக் குழு எடுத்துக்கொள்ளும். துறைச் செயலாளரைக் கூப்பிட்டு, பத்தி பத்தியாகக் கேட்கும்: இந்தத் தேதியில் பணம் வந்தது, இந்தத் தேதியில்தான் அனுப்பினீர்கள், நடுவில் எங்கே இருந்தது? அவையில் நடப்பதுபோல மேசை தட்டலும் வெளிநடப்பும் இங்கே இருப்பதில்லை. ஆளுங்கட்சி உறுப்பினரும் எதிர்க்கட்சி உறுப்பினரும் ஒரே பக்கத்தில் உட்கார்ந்து அதிகாரியிடம் கேட்பார்கள். நாடாளுமன்றத்தில் 1967-லிருந்து இந்தக் குழுவின் தலைவர் எதிர்க்கட்சியைச் சேர்ந்தவராக இருப்பது மரபு. தமிழ்நாட்டில் இந்தக் குழு மாவட்டங்களுக்கும் நேரில் போய் ஆய்வு செய்கிறது.

குறை என்னவென்றால் காலம். நடந்து முடிந்ததைத்தான் தணிக்கை பார்க்கும். அறிக்கை தயாராகி, பேரவைக்கு வந்து, குழு எடுத்து விசாரித்து முடிக்கும்போது ஆண்டுகள் ஓடிவிடும். கேரளத்திலும் மகாராஷ்டிரத்திலும் உள்ளாட்சிக்கென்றே தனியாகச் சட்டமன்றக் குழுக்கள் இருக்கின்றன. பொதுக் கணக்குக் குழுவின் முன் எல்லாத் துறைகளின் கோப்புகளும் குவிந்து கிடக்கும்போது ஊராட்சியின் பில் பாக்கி அடியில் போய்விடுகிறது. தனிக் குழு இருந்தால் அதுவே முதல் வேலையாக இருக்கும். இது எல்லா மாநிலங்களிலும் வர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

அதிகம் பேசப்படாத இன்னொரு குழு அரசு உறுதிமொழிக் குழு. 'விரைவில் நிதி விடுவிக்கப்படும்' என்று அமைச்சர் அவையில் சொன்னால் அது காற்றோடு போவதில்லை, உறுதிமொழியாகப் பதிவாகலாம். நிறைவேறியதா என்று அந்தக் குழு துறையை விரட்டிக் கேட்கும்.

எப்படிக் கேட்டால் பதில் வரும்

உங்கள் தொகுதி உறுப்பினரிடம் பேச வாய்ப்புக் கிடைத்தால், 'எங்கள் ஊராட்சிக்கு நிதி வேண்டும்' என்று மட்டும் சொல்லாதீர்கள். எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். இப்படிக் கேட்கச் சொல்லுங்கள்: ஒன்றிய மானியத்தின் கடைசித் தவணை மாநில அரசுக்கு எந்தத் தேதியில் வந்தது? ஊராட்சிகளுக்கு எந்தத் தேதியில் போனது? 10 வேலை நாளைத் தாண்டியிருந்தால் வட்டி தரப்பட்டதா? மாவட்டத்தில் அளவு பதிந்து, பில் போட்டு, 90 நாளுக்கு மேல் பணம் தரப்படாமல் இருக்கும் பணிகள் எத்தனை, தொகை எவ்வளவு? தேதியும் தொகையும் கேட்கும் கேள்விக்குப் பொத்தாம் பொதுவாகப் பதில் சொல்வது கடினம்.

கையில் ஆதாரம் இருந்தால் கேள்விக்குப் பலம் கூடும். ஊராட்சியின் வரவும் செலவும் 2020-ல் தொடங்கப்பட்ட இ-கிராம ஸ்வராஜ் இணையதளத்தில் பார்க்கக் கிடைக்கும். கிராமசபையில் வரவு செலவைப் படிக்கும்போது, இன்னும் பணம் கொடுக்கப்படாத பில்களின் பட்டியலையும் சேர்த்துப் படிக்கச் சொல்லித் தீர்மானம் போடலாம். தமிழ்நாட்டில் வருடத்துக்கு ஆறு முறை கிராமசபை கூடுவதால், கேட்க வாய்ப்பு அடிக்கடி வருகிறது. அப்படி ஒரு பட்டியல் தீர்மானப் புத்தகத்தில் ஏறிவிட்டால், எந்தக் கணக்கிலும் இல்லாத பாக்கி முதல்முறையாக ஓர் அரசு ஆவணத்தில் எழுத்தாகிறது. தணிக்கைக்கு வருபவரும் அதைப் பார்ப்பார்.

உறுப்பினர் வழியாக முடியாவிட்டால் பேரவையின் மனுக்கள் குழு இருக்கிறது. அந்தக் குழு மாவட்டம் மாவட்டமாகப் போகும்போது, நெடுநாள் தீராத பொதுப் பிரச்சினைகளைப் பற்றி மக்களிடமிருந்தே மனு வாங்குகிறது. அறிவிப்பு மாவட்ட ஆட்சியர் அலுவலகம் வழியாகவும் செய்தித்தாள்களிலும் வரும். ஒரு மனுவில் ஒரே பிரச்சினையை மட்டும் எழுதுங்கள். நீதிமன்றத்தில் இருக்கும் வழக்கு, தனிப்பட்ட வேலை கோரிக்கை போன்றவற்றைக் குழு எடுத்துக்கொள்ளாது. கிராமசபைத் தீர்மானத்தின் நகலை மனுவோடு இணைத்துக் கொடுங்கள்.